லட்டுவின் வாசனை

உள்ளங்கையில் வைத்து மூக்குக்கு நேரே பிடித்திருக்கிறேன், எலுமிச்சம்பழ அளவு, அதே மஞ்சள், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டிச் சட்டையை நனைக்கிறது, மூச்சை இழுக்கிறேன், ஒன்றும் வரவில்லை, இன்னும் ஆழமாக இழுக்கிறேன், ஒன்றும் இல்லை, இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சலோடு போன மோப்பம் ஒரு நத்தைக்காகவா திரும்பி வரப்போகிறது. செத்திருந்தா நாத்தம் கொடலப் பொரட்டும் சார், மோந்து பாருங்க, வேற வழியில்ல, என்று கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைக்காரர் போனில் சொன்னபோது சரிங்க என்று வைத்துவிட்டேன், என் மூக்கு வேலை செய்யாது என்று சொல்லக் கூச்சம், மாடி வீட்டு அம்மாவைக் கேட்கலாம்தான், ஆனால் என் நத்தையைக் கொஞ்சம் மோந்து பாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது.

நான்கு நாளாக லட்டு அசையவில்லை, லட்டு என்று பேர் வைத்தவள் என் மகள் மதுவந்தி, கோர்ட்டில் எழுதிக்கொடுத்தபடி மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பத்திலிருந்து ஐந்து வரை என் மகள், மற்ற நாளெல்லாம் அவள் அம்மாவின் மகள், ஆரம்பத்துச் சனிக்கிழமைகளில் என்ன பேசுவதென்று தெரியாமல் இருவரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம், நான் வாங்கி வைத்த சட்டைகள் எல்லாம் அவளுக்குச் சின்னதாக இருந்தன, அப்புறம் ஒருநாள் கொளத்தூரில் ஒரு கண்ணாடித் தொட்டி முன் நின்றாள், நின்றவள் நகரவில்லை, மஞ்சள் நத்தை ஒன்று கண்ணாடியில் ஏறி வந்து தண்ணீருக்கு மேலே குழாய் மாதிரி எதையோ நீட்டுகிறது, அப்பா, இது ஸ்ட்ரா போட்டு காத்து குடிக்குதுப்பா, அன்றைக்குத்தான் அவள் வாய் நிறைய அப்பா என்றாள். நத்தையை வாங்கி வீட்டில் தொட்டி வைத்த பிறகு, வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடுவாள், வெள்ளரிக்காயை வேகவைத்துப் போட்டுவிட்டு, மோவாயை மேசையில் வைத்து, அது தின்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம், டியூஷன சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்கப்பா, லட்டுக்காகத்தான் லீவு போட்டு வந்தேன் என்றாள் போன மாதம், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், லட்டு இல்லாவிட்டால் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

உன் வீட்டுத் தண்ணி ரொம்ப மோசம்ப்பா, கண்ணாடியெல்லாம் வெள்ளை வெள்ளையா படியுது, பாவம் லட்டு, என்று அவள் சொன்ன அன்றே போர் தண்ணீரை நிறுத்தினேன், நேற்றைய சாம்பாரைச் சுடவைத்து மூன்று வேளையும் சாப்பிடுகிற நான் நத்தைக்கு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றினேன், இந்த வீட்டில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதானே. கேன் தண்ணியா சார் ஊத்துனீங்க, அய்யய்யோ, அதுல சுண்ணாம்புச் சத்தே இருக்காதே, ஓடு கரைஞ்சிடும் சார், இதுக்குப் போர் தண்ணிதான் சார் நல்லது, கடைக்காரர் சொன்னபோது ஓட்டுச் சுழியின் நுனி ஏற்கெனவே சுண்ணாம்புச் சுவர் போலப் பொரிந்து குழி விழுந்திருந்தது, முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன், கணவாய் ஓடு வாங்கி மிதக்கவிட்டேன், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், ஓட்டின் வாயை அடைக்கிற மூடி பாதி உள்ளே பாதி வெளியே அப்படியே நிற்கிறது, நேற்று போனில் லட்டு மேல ஏறுச்சாப்பா என்றாள், ஏறுச்சும்மா, வெள்ளரிக்கா முழுசும் தின்னுடுச்சு என்றேன், போனை வைத்துவிட்டுத் தொட்டிமுன் உட்கார்ந்து எழுந்திருடா, நாளைக்கு ஒருநாள் மட்டும் எழுந்திரு என்று கெஞ்சினேன், அப்படியே கண்ணயர்ந்திருப்பேன் போல, கனவில் நர்ஸ் துணியில் சுற்றி ஒன்றைக் கையில் கொடுக்கிறாள், பொம்பளப் பிள்ளை சார், முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறேன், பால் வாசனை என்கிற சொல் நினைவிருக்கிறது, வாசனை இல்லை.

வாசல் மணி அடிக்கிறது, காலை பத்துதான் ஆகியிருக்கும், கதவைத் திறந்தால் மதுவந்தி என் கையைப் பார்க்கிறாள், ஏம்ப்பா வெளிய எடுத்த, நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், நாலு நாளா அசையலம்மா, தண்ணிய மாத்துனது நான்தான், போன்ல சொன்னது பொய், எனக்கு மோப்பம் கிடையாதும்மா, அந்தக் காய்ச்சல்ல போச்சு, நீ மோந்து பாத்துச் சொல்லு. எங்கிட்ட சொல்லவே இல்லையேப்பா என்கிறாள், இரண்டு கையாலும் வாங்கி நான் பிடித்த மாதிரியே மூக்குக்கு நேரே பிடிக்கிறாள், அவள் மூக்கு சுருங்குகிறது, கண்கள் ஒருமுறை இறுக மூடித் திறக்கின்றன, வாயால் மூச்சு விடுகிறாள், நான் பார்த்துவிட்டேன். ஒண்ணும் வரலப்பா, தூங்குது, போர் தண்ணி மாத்திடு, அடுத்த வாட்டி வந்து பாக்குறேன், என்று தொட்டியில் மெல்ல இறக்கிவிட்டுக் கை கழுவப் போனாள், சோப்புப் போட்டாள், கழுவிவிட்டு மறுபடியும் சோப்புப் போட்டாள்.

ஐந்து மணிக்கு அவள் போய்விட்டாள், உள்ளங்கையில் வைத்து மூக்குக்கு நேரே பிடித்திருக்கிறேன், மூச்சை இழுக்கிறேன், அவள் சொன்னது சரிதான், ஒன்றும் வரவில்லை, லட்டுவைத் திரும்ப இறக்கிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போர் தண்ணீர் பிடிக்கப் போகிறேன்.