எண்ணெய் தேய்த்த சக்கரம்

விஜயதசமி காலை குடோனில் இருந்தவர்கள்: குடோன் மேனேஜர் கலியபெருமாள். மேஸ்திரி அமலநாதன். பாரம் ஏற்றும் டிரம்மை ஓட்டுகிற மண்ணாங்கட்டி. அவன் மனைவி அஞ்சலாட்சி, கழிவுப் பஞ்சுப் பிரிவு. பேல் கட்டும் லூர்துசெல்வி. இரவில் தூங்கிப் பழக்கமில்லாததால் விடிந்ததும் வந்து நின்ற நான், இரவு ஷிப்ட்காரன். சுவரோரம் மேனேஜரின் புது சைக்கிள், சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக.

ஆறு பேர், ஒரு சைக்கிள். அடிபட்டது சைக்கிள் மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் செத்தார்கள் என்று கடைசிவரை காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.

வருஷம் 1958. எங்கள் மில் குடோன் மூன்று மாடி. நூல் பேல்களை, அதாவது பொதிகளை, ஏற்றி இறக்க பிரெஞ்சுக்காரன் காலத்து டிரம் ஒன்று மேல்மாடியில் தனி அறையில் இருந்தது. விட்டத்தை ஒட்டி ஓடும் ஷாப்ட் என்ற இரும்புத் தண்டில் ஒரு சின்ன இரும்புச் சக்கரம்; மில் ஓடும்வரை அது நிற்காமல் சுற்றும். பக்கத்தில் டிரம். அதன் ஒரு முனையில் பெரிய சக்கரம், விளிம்பு முழுக்க வேல மரக் கட்டைகள் பதித்தது. இருபத்து நாலு கட்டைகள். நெம்புகோலை இழுத்தால் பெரிய சக்கரம் இரண்டு விரல் நகர்ந்து இரும்பின் மேல் சாயும். மரம் உரசும், பிடிக்கும், சுற்றும். கயிறு டிரம்மில் சுருள, பேல் ஏறும். நெம்புகோலைத் திருப்பி விட்டால் சக்கரம் இந்தப் பக்கம் விலகி ஒரு தடைக்கட்டையின் மேல் உட்காரும். பேல் அந்தரத்தில் நிற்கும். பல் கிடையாது, சங்கிலி கிடையாது. ஏற்றுவதும் உரசல், நிறுத்துவதும் உரசல்.

மில்லில் மற்ற மிஷின்கள் எல்லாம் எண்ணெயில் உயிர் வாழ்ந்தன. இதற்கு மட்டும் எண்ணெய் ஆகாது. மண்ணாங்கட்டி தினமும் காலையில் காய்ந்த கோணித் துணியால் அந்தக் கட்டைகளைத் துடைப்பான். எண்ணெய் போடுகிற ஆள் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, ஷாப்ட்டின் பேரிங்குக்குத் தானே வாங்கிச் சொட்டுவான். என்னிடம் இதை நூறு முறை சொல்லியிருக்கிறான். வீட்டில் சொன்னதில்லை. டிரம்மின் சத்தம், டிரம்மின் பலம், அது எப்படித் தன் கை அசைவுக்கு அடங்குகிறது, இதையெல்லாம் மனைவியிடம் தினமும் சொன்னான். எண்ணெய் ஆகாது என்பது அவனுக்கு அவ்வளவு தெரிந்த விஷயம், அவளுக்கும் தெரியாமல் இருக்குமா என்று வீட்டில் அது வாயில் வரவே இல்லை.

அவன் நாலு வருஷமாகத் தற்காலிகம். டிசம்பரில் மூன்று பேரைப் பர்மனன்ட் ஆக்குவதாக இருந்தது. மேஸ்திரியின் பட்டியலில் மூன்றாவது பெயர் அவனுடையது. அதை நம்பி நெல்லித்தோப்பில் ஓர் ஓட்டு வீடு பேசி வைத்திருந்தான். அதுவரை கருவடிக்குப்பத்தில் அண்ணன் வீட்டில், நெல் மூட்டைகள் பாதியை அடைத்துக்கொண்ட ஓர் அறையில், கல்யாணமாகி இரண்டு வருஷமான அவர்கள் குடித்தனம். டிசம்பருக்குள் டிரம்மில் ஒரு விபத்து நடந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். எல்லோருக்கும் தெரியும்.

அஞ்சலாட்சி அவனுக்கு வாரம் இரண்டு நாள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியது. புதன், சனி என்றால் நாட்காட்டி பார்க்க வேண்டாம். குடோனுக்குள் அவன் நுழைந்தாலே தெரியும். லூர்துசெல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு, ரசம் வந்துவிட்டது, இலையைப் போடுங்கள் என்பாள். அவன் கோபித்துக்கொண்டதில்லை. அந்த வாசனையில் அவனுக்குப் பெருமை இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஆயுதபூஜையன்று மில் நின்றது. மிஷின்களைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். வீட்டுக்காரர்கள் உள்ளே வரலாம், ஒரு பிரிவு ஆள் மற்றப் பிரிவுக்குள் போய்ப் பார்க்கலாம் என்பது அன்று மட்டும் உள்ள வழக்கம். நான் ஷிப்ட் முடிந்து பொரிக்காக நின்றிருந்தேன். அஞ்சலாட்சி ஒரு கிண்ணத்தோடு மேல்மாடிக்கு ஏறினாள். டிரம் அறைக்கு அப்போது பூட்டு கிடையாது. கதவருகே என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“எல்லா மிஷினும் தல முழுகி நிக்குது. இது மட்டும் பரட்டத் தலையோட கெடக்குது, பாத்தியாண்ணா. ஊரு மிஷினுக்கெல்லாம் ஆளு இருக்குது. இதுக்கு அவரு ஒருத்தருதான், அவருக்கு இதெல்லாம் தோணாது.”

கிண்ணத்திலிருந்து மிளகு வாசனை வந்தது. தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அதுவல்ல. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க ஒரு வாக்கியம் பேச வேண்டும். பேசச் சோம்பலாக இருந்தது. கொஞ்சம் தொட்டு வைப்பாள், போகட்டும் என்று பொரியைத் தின்றுகொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அவள் தொட்டு வைக்கவில்லை. கணவன் தலைக்குத் தேய்ப்பதுபோல் இருபத்து நாலு கட்டைகளுக்கும் சூடு பறக்கத் தேய்த்திருக்கிறாள். காய்ந்த மரம் ராத்திரி முழுக்கக் குடித்தது. விடிந்தபோது மேலே பிசுக்கில்லை. மரம் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

விஜயதசமியன்று மேனேஜர் முன்னால் முதல் பேல் ஏற்றுவது வழக்கம். அன்று புதன்கிழமை. மண்ணாங்கட்டியும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தான். டிரம் அறையில் அடித்த வாசனை தன் தலையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டான். மாலையைக் கழற்றினான், துணியால் ஒரு சுற்றுத் துடைத்தான், வெறும் கொக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்தான். ஓடியது.

பேல் ஒரு மாடி ஏறியது. இரண்டாவது மாடிக்குப் பாதியில், உரசலில் சூடேறி, மரத்துக்குள் போன எண்ணெய் வெளியே வந்தது. பேல் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. அவன் நெம்புகோலைத் திருப்பித் தடைக்கட்டையின் மேல் போட்டான். அங்கேயும் அதே எண்ணெய்தான். பேல் வந்த வேகத்தில் நாங்கள் சிதறினோம். சைக்கிளால் சிதற முடியவில்லை.

அவன் படியிறங்கி வருவதற்கு நேரம் ஆனது. வந்தபோது, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்த உள்ளங்கையை முகர்ந்துகொண்டே வந்தான். பிறகு தன் மனைவியைப் பார்த்தான். அவளும் அப்போது புரிந்துகொண்டாள்.

சக்கரத்தில் எண்ணெய் போட்டது யார் என்று மேனேஜர் கேட்டார். மண்ணாங்கட்டி யோசிக்கவே இல்லை.

“நான்தாங்க போட்டேன்.”

அமலநாதன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருஷம் டிரம் பார்த்தவர் அவர். டிரம்காரன் தன் சக்கரத்தில் எண்ணெய் போடுவது என்பது தன் குழந்தையைக் கிணற்றில் போடுவதுபோல. அதை ஒப்புக்கொண்டவனுக்கு டிசம்பர் கிடையாது. நான் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வேலை போகும், சொல்லாவிட்டால் அவன் வேலை. நான் தரையைப் பார்த்தேன்.

அஞ்சலாட்சி முன்னால் வந்தாள்.

“அவரு பொய் சொல்றாருங்க. நான்தான் தேச்சேன். தலைக்குத் தேய்க்கிற எண்ணெதாங்க. கெட்டது ஒண்ணும் போடல.”

லூர்துசெல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை. கோணிப்போன சைக்கிளைப் பார்த்தார், மேலே பார்த்தார். மேஸ்திரி அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருஷமாகியும் அமலநாதன் மேலே உள்ளவர்களை முசே, அதாவது ஐயா, என்று பிரெஞ்சில்தான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை கப்பலுக்குப் பேல் போக வேண்டும், இவனைவிட்டால் இந்தச் சக்கரத்தைக் காயவைக்கத் தெரிந்த ஆள் கிடையாது என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

மேனேஜர் திரும்பி வந்து சொன்னார்: “நாளன்னிக்குக் காலைல பேலு ஏறணும். ஏறி அந்தரத்துல நிக்கணும். நிக்கலன்னா ரெண்டு பேரும் வெளிய.”

கட்டைகளைக் கழற்றி வாசலில் வெயிலில் பரப்பினோம். அவன் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினான். சுண்ணாம்புப் பொடியில் புதைத்து, எண்ணெயை அது உறிஞ்சியதும் தட்டிவிட்டு, சூடான உமிச்சாம்பலில் புதைத்து, மறுபடி சுரண்டினான். நானும் கூட உட்கார்ந்தேன். அவள் கிண்ணத்தோடு போனதைப் பார்த்தேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் சுரண்டுவதை நிறுத்தாமல், அப்படியானால் அந்த ஆறு கட்டையை எடுத்துக்கொள் என்றான்.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. எந்தக் கட்டையில் எண்ணெய் முழுதாகப் போயிற்று என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் மூக்கு உதவவில்லை. அவன் தலையிலேயே அந்த வாசனை. வியாழன் மதியம் அஞ்சலாட்சி சோறு கொண்டுவந்தாள். வைத்துவிட்டுத் தூர நின்றவள், ஒரு கட்டையை எடுத்து முகர்ந்தாள்.

“இதுல மெளகு இருக்குது.” அடுத்தது. “இது போயிடுச்சி.” அடுத்தது. “இதுல சீரகம் மட்டும்.”

மண்ணாங்கட்டி கண்ணாடித் துண்டைக் கீழே வைத்தான். புதன் காலையிலிருந்து அவளிடம் அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“இன்னாடி, கட்டய மோக்குறியா, கொழம்பு மோக்குறியா?”

“நான் காச்சுன எண்ணெ எனக்குத் தெரியாதா. அதச் சுரண்டுங்க, பேசாம.”

அவன் சுரண்டினான். சாயங்காலம் வரை அவள் முகர்ந்து இரண்டு குவியலாகப் பிரித்தாள். மிளகுக் குவியல் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசிக் கட்டையை மூன்று முறை திருப்பிக் கொடுத்தாள். அவன் மூன்று முறையும் வாங்கிச் சுரண்டினான். தடைக்கட்டையையும் அவளே பார்த்தாள். அன்று அவன் தலையை வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை பேல் ஏறியது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே அவன் நெம்புகோலைத் திருப்பினான். நின்றது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் நிற்க வைத்தார். யாரும் அடியில் போகவில்லை. அஞ்சலாட்சி மட்டும் சாப்பாட்டுக் கூடையோடு அடியில் போய் நின்றாள். அமலநாதன் அவளைத் திட்டி வெளியே இழுத்தார். இறக்கலாம் என்று மேனேஜர் சொன்னார்.

கோணிய சைக்கிளை யாரும் விபத்தென்று எழுதிவைக்கவில்லை போலும்; டிசம்பரில் மூன்றாவது பெயர் அப்படியே வந்தது. தை மாதம் அவர்கள் நெல்லித்தோப்புக்குப் போனார்கள். சாமான் தூக்க நான் போயிருந்தேன், அதிகம் இல்லை. அடுத்த கோடையில் நான் இரவு ஷிப்டை விட்டுப் பகலுக்கு மாறினேன். மேனேஜரின் சைக்கிள் மட்கார்டு கடகடவென்று அடித்துக்கொண்டே கடைசிவரை ஓடியது.

மறு வருஷம் ஆயுதபூஜைக்கு, அன்று எனக்கு வேலை இல்லாவிட்டாலும், பொரிக்காகப் போனேன். டிரம் அறைக்குப் பெரிய பூட்டு வந்திருந்தது. அஞ்சலாட்சி குங்குமச் சிமிழோடு மேலே வந்தாள். மண்ணாங்கட்டி வாசலை மறித்துக்கொண்டு கையை நீட்டச் சொன்னான். அவள் நீட்டினாள். வலது உள்ளங்கை, இடது உள்ளங்கை, இரண்டையும் முகர்ந்தான். தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான் என்று எனக்குப் பட்டது.

“மோந்தது போதும்,” என்றாள் அவள், கண்ணால் என்னைக் காட்டி. “அந்தாண்ட அண்ணன் பாக்குது.”

வழிவிட்டான். அவள் உள்ளே போய் டிரம்மின் இரும்புப் பக்கத்தில், கட்டைகளிலிருந்து தள்ளி, சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளியே வந்தாள். அவன் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, பூட்டி, இழுத்துப் பார்த்தான்.