மேட்டுத்தெரு வால்வு

என் மனைவி ஊருக்குத் தலைவரான அன்று என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு அவளைத் தெரியும். சொன்னால் செய்துவிடுகிற ரகம். அரசியலுக்கு அது ஆகாது.

நான் முடிதிருத்துகிறவன். என் கடை நாற்காலியில் உட்காராத தலை இந்த ஊரில் இல்லை. பழைய தலைவருக்கு 'நாளைக்காரர்' என்ற பட்டப்பெயர் பிறந்ததும் அங்கேதான். மேட்டுத்தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று யார் கேட்டாலும், "நாளைக்கு வரும்" என்பார் மனுஷன். வருஷக்கணக்கில் அந்த நாளை வரவே இல்லை. மேட்டுத்தெருவுக்குப் போகும் குழாயின் வால்வைப் பூட்டியே வைத்திருந்தார். என் மனைவி பிறந்தது அந்தத் தெருவில்தான். குடத்தோடு ஏறி இறங்கியே வளர்ந்தவள். ஜெயித்தால் முதல் கையெழுத்து அந்த வால்வைத் திறக்கத்தான் என்று வீடு வீடாகச் சொன்னாள். ஊர் ஓட்டை அள்ளிப் போட்டது.

பதவியேற்ற அன்று பழைய தலைவர் அலுவலகச் சாவியோடு வாசலில் நின்றிருந்தார். ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்றார். இவள் அவர் முகத்தைப் பார்க்காமலே சாவியை வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷம் பேசியதே போதும் என்று சொல்லி உள்ளே போனாள். கூட்டம் விசிலடித்தது. பொய் சொல்வானேன், நானும் அடித்தேன்.

கையெழுத்துப் போட்ட கையோடு பம்ப் ஹவுசுக்குப் போய், வால்வைத் தன் கையாலேயே திறந்தாள். மேட்டுத்தெருக் குழாய்கள் முதலில் இருமின, பிறகு கொட்டின. பெண்கள் குடத்தை மறந்து நனைந்துகொண்டு சிரித்தார்கள். மூன்று நாள் ஊரே இவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நான்காம் நாள் காலையில் மோட்டார் கருகிப்போனது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு சொட்டு இல்லை.

ஆஸ்பத்திரியிலும் இல்லை. என் மச்சான், அவளுடைய ஒரே தம்பி, எங்கள் வீட்டோடு இருப்பவன், சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்துக்கு இரண்டு முறை அங்கேதான் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறான். அந்த மெஷின் ஒரு ஆளுக்கே தண்ணீரை டிரம் டிரம்மாகக் குடிக்கும். தண்ணீர் வந்தால் கூட்டி வாருங்கள் என்று நர்ஸ் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இடம் இல்லை.

புது மோட்டார் வாங்கலாம் என்றால் பட்ஜெட் பழைய தலைவர் போட்டது. வருஷம் முடியும்வரை அதற்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும். பழுதுபார்க்க வைத்திருந்த பணம் தேர்தலுக்கு முன்பே தார் ரோடாகிவிட்டது. மிச்சம் இருந்தது அலுவலக வாசலில் நீரூற்று கட்ட ஒதுக்கியது. அதை வேறு எதற்கும் தொடக்கூடாதாம். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்கு நீரூற்று ஒரு கேடு. மேலதிகாரியிடம் ஓடினாள். முந்தையவர் போட்ட கணக்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவர் டீ கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் தம்பிக்கு முகம் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது.

செருப்பைக்கூட மாட்டாமல் பழைய தலைவர் வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அந்த மோட்டாருக்கு மேடு ஏத்தற சக்தி இல்லம்மா. அதச் சொல்லத்தான் அன்னைக்கு நின்னேன்."

"இத்தன வருஷமா ஊருக்கு ஏண்ணே சொல்லல?"

"எனக்கு முன்னாடி இருந்தவரு எனக்குச் சொல்லல. நானும் வந்த புதுசுல திறந்து கருக்கினவன்தான். முடியலன்னு சொன்னா, அப்புறம் நீ எதுக்குன்னு கேப்பாங்க. நாளைக்கு வரும்னா அன்னைக்குப் பொழுது ஓடிரும்."

இவள் அங்கேயே அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. பம்ப் ஹவுஸ் மூலையில் கிடக்கிற பழைய மோட்டாரிலிருந்து பாகங்களைக் கழற்றிப் போட்டால் ஒன்றைப் பிழைக்க வைக்கலாம் என்றார். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஆளை அவரே கூப்பிட்டு, கூலியைப் பிறகு வாங்கிக்கொள்ளச் சொன்னார். மேட்டுத்தெருவைத் திறந்தால் இதுவும் போகும், பிறகு தன்னிடம் வந்தும் பயனில்லை என்றார்.

மறுநாள் மோட்டார் ஓடத் தயாரானது. வால்வை மூட வந்தவளை மேட்டுத்தெருப் பெண்கள் குடங்களோடு மறித்தார்கள். இவள் ஒளிக்காமல் உள்ளதைச் சொன்னாள். முன்னால் நின்றது அவளுடைய சொந்தச் சித்தி.

"தாங்காதா? மூணு நாள் தாங்குச்சே."

"அதனாலதான் கருகிப்போச்சு சித்தி."

"உன் தம்பிக்குத் தண்ணி வேணும், அதுக்கு எங்க வாயக் கட்டுற. அவராவது நாளைக்குன்னு சொன்னாரு."

தம்பிக்காக இல்லை என்று எப்படிச் சொல்வாள்? ஆளுக்கொரு வசவை வாங்கிக்கொண்டே வால்வை மூடினாள். சக்கரம் கடைசிச் சுற்றில் இறுகியபோது நானும் கை கொடுத்தேன். பூட்டைத் தொங்கவிட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலையே மச்சானை மெஷினில் போட்டார்கள். சிவப்புக் குழாய்களுக்கு நடுவில் அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அக்கா ஜெயிக்க வேண்டும் என்று படுக்கையிலிருந்தே தெருவில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டவன் அவன்.

"அக்கா, நம்ம தெருவுல தண்ணி வருதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. தெருவை அடைத்துத்தான் தனக்குத் தண்ணீர் என்ற உண்மை தெரிந்தால் இவன் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவான். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நாளைக்கு வரும்டா" என்றாள்.

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவன்தானே அவனும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மெஷின் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது.