இரண்டாம் மாடியில் மழை

ஞானம்பாள் வீட்டு அடுப்படியில் ஐப்பசி பிறந்தால் மழை பெய்யும். அதில் யாருக்கும் வருத்தமில்லை. குழம்பை மூடி வைத்தால் போதும். இரண்டாம் மாடியில்தான் வீடு கட்டிய நாளிலிருந்து ஒரு சொட்டு விழுந்ததில்லை. வினையே அதனால்தான் வந்தது.

திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு முடுக்கில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் நெருக்க, மேலே மட்டும் வளர்ந்த வீடு அது. ஞானம்பாளின் கணவர் குற்றாலலிங்கம், ஓய்வுபெற்ற தாசில்தார், புதுமனை புகுந்தபோது கீழே பால் காய்ச்சினார். பிறகு எழும்பிய ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாகக் காய்ச்ச வேண்டும் என்று ஞானம்பாள் சொன்னாள். "வீடு ஒண்ணுதானட்டீ, எத்தன தடவ காய்ச்சுதது?" என்று அவர் கேட்டுவிட்டார். பால் பொங்காத மாடிகளுக்கு இது மனுஷர் குடியிருக்கும் வீடு என்ற நினைப்பு வரவில்லை, அவை ஆகாயத்தோடு சேர்ந்துகொண்டன என்று முடுக்கில் பேசிக்கொண்டார்கள். வேறு காரணம் எதுவும் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

காற்று என்னவோ எல்லா மாடியிலும் ஒரே சரக்குதான். முக்கால் பங்குக்குச் சற்று மேலே நைட்ரஜன், ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், மிச்சத்தில் ஆர்கானும் ஒரு சிட்டிகை கரியமில வாயுவும். ஆனால் கடைசிப் பந்திக்கு வந்த ரசம்போல மேலே போகப்போக நீர்த்துப்போகும். மேகம், இடி, மழை, சளி, இருமல் எல்லாம் கீழ்த்தளத்தோடும் முதல் மாடியோடும் சரி. முதல் மாடிக் கூரையை நெருங்கினால் குளிரில் பல் கிட்டும். அதற்கு மேலே இரண்டாம் மாடியில் ஏற ஏறக் கதகதப்பு. கூரையை ஒட்டி ஓசோன் லேசாகக் காரநெடி அடித்துக்கொண்டு நிற்கும், சன்னல் வெயிலில் எந்தப் புடவையும் அங்கே வெளுக்காது. கீழே குளிரும் மேலே சூடுமாக இருந்தால் ஆவி ஏறாது என்பதால், ஞானம்பாளின் அடுப்பிலிருந்து கிளம்பும் மேகமெல்லாம் முதல் மாடிக் கூரையில் முட்டி, தோசைமாதிரி பரந்து நின்றுவிடும். மூன்றாம் மாடியில் குளிர் தாங்காது. எங்கிருந்தோ வரும் எரிகற்கள் அங்கேதான் கீறிக்கொண்டு அணையும். இட்லி மாவு புளிக்காமல் இருக்க அவள் அங்கே வைப்பாள். மொட்டை மாடியில் ஆயிரம் டிகிரி என்று சொல்லலாம், ஆனாலும் வத்தல் காயாது. சுடுவதற்குப் போதுமான காற்று அங்கே இல்லை. ராத்திரியில் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் திரைபோல ஆடும். தேரோட்டத்துக்குப் போட்ட சீரியல் பல்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மகள் ப்ரியா அந்தச் செய்தியைக் கீழே வைத்துச் சொல்லியிருக்கலாம். அடுப்படியில் சொன்ன எந்தச் சுடுசொல்லும் சாயங்காலத் தூற்றலில் கரைந்து வாறுகால் தண்ணீரோடு போய்விடும். ஞானம்பாளே புது மருமகளாக இருந்தபோது பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அங்கே எத்தனையோ தடவை சொன்னவள்தான். ஆனால் ப்ரியா, அப்பா இரண்டாம் மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஏறிப்போய், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் உவரிக்காரன் ஜெனிஸ்டனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "இனிமே ஒன் மொகத்துல முழிக்க மாட்டேன்" என்றார் குற்றாலலிங்கம். மழையில்லாத இடம். எரிமலைச் சாம்பல் ஏறினால்கூட வருஷக்கணக்கில் இறங்காத காற்று. அந்தச் சொல் சாம்பல் நிறத்தில், கீழே இறங்கும் படிக்கட்டு வாசலில், ஒரு ஆள் உயரத்துக்கு அப்படியே நின்றுவிட்டது.

மகள் கல்யாணம் உவரி அந்தோனியார் கோயிலில் நடந்தது. அம்மாவைப் பார்க்க அவள் வீட்டுக்கு வந்தால் எதிரே பட வேண்டியிருக்குமே என்று குற்றாலலிங்கம் இரண்டாம் மாடியிலேயே தங்கிவிட்டார். மூச்சுக்குத்தான் கொஞ்சம் சிரமம். பழகியபின் ஒரு தடவை இழுத்தால் பேப்பரில் ஒரு பக்கம் ஓடும் என்றார். ஞானம்பாள் குளிருக்கு அவருடைய பழைய குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, முதல் மாடிவரை போய், கப்பிக் கயிற்றில் சாப்பாட்டுக் கேரியரை ஏற்றினாள். பேத்தி ஜெர்லின் பிறந்த சேதியும் கேரியரில்தான் போயிற்று. அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை. படிக்கட்டு வரை வந்திருக்கிறார். தோள் பட்டதும் சொல் அவர் குரலிலேயே பேசியிருக்கிறது. சொன்ன சொல் மாறாத தாசில்தார் என்று மூன்று தாலுகாவில் பேர் வாங்கிய மனுஷர். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு, மகள் வந்து போகும் நாட்களில் கேரியர் காலியாக இறங்குவதில்லை. மூன்றாம் மாடியில் பொறுக்கி ஆறவைத்த எரிகல் ஒன்றிரண்டு, பேத்தி விளையாட, துணியில் சுற்றி வரும்.

ஞானம்பாளுக்கு அந்தக் கற்களைப் பார்த்தால் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. மகள் வரும் நாளில் அப்பாவும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே, இரண்டு மாடித் தூரத்தில். ஒரு பந்தியில் அவர்களை உட்காரவைத்துப் பரிமாறிவிட்டால் போதும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல். ஒட்டடைக் கம்பால் சொல்லைக் கலைத்துப் பார்த்தாள். கம்பு உள்ளே போய் வெளியே வந்தது. சாம்பிராணி போட்டாள், அதுவும் சேர்ந்து நின்றது. ஒரு தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் திரண்டு வந்து இரண்டு அடுப்பும் நாள் பூராவும் எரிந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். பரந்து நின்ற மேகத்தின் நடுவில் சின்ன மொட்டுப்போல ஒன்று கூரையைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. மறுநாள் மேலே போனபோது சொல்லின் அடிப்பக்கம் நனைந்து, குரல் ஒரு மாத்திரை தணிந்திருந்தது.

அந்த வருஷ மார்கழி முழுக்க வாசலில் சாணிப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ வைத்தாள். தை பிறந்ததும் பேத்திக்குச் சிறுவீட்டுப் பொங்கல் வைக்க வேண்டும் என்று ப்ரியாவுக்குச் சொல்லி அனுப்பினாள். பெண்பிள்ளை உள்ள வீட்டில் மண்ணால் விளையாட்டு வீடு கட்டி, சின்னப் பானையில் பொங்கி, மார்கழிப் பூவைச் சாணியோடு தட்டிவைத்த வறட்டியை ஆற்றில் விடுகிற பண்டிகை அது. சின்னப் பானை என்பதுதான் இடித்தது. அதற்கு முதல் மாடியைத் தாண்டும் தெம்பு கிடையாது. முடுக்கிலுள்ள பெண்களையெல்லாம் ஆளுக்கொரு பானையோடு வரச்சொன்னாள். எதற்கு என்று மறைக்கவில்லை. நூர்முகம்மது அண்ணாச்சி வீட்டு ஸமீஹாகூட ஒரு பானையும் நாலு கட்டுப் பனையோலையும் கொண்டுவந்தாள். உவரியிலிருந்து ஜெனிஸ்டனின் அம்மா ஞானசௌந்தரி, அந்தோனியார் கோயில் அசன விருந்துக்குச் சோறு பொங்கும் அண்டாவை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

ஞானம்பாள் தயங்கினாள். "மைனி, சிறுவீட்டுக்கு இம்புட்டுப் பெரிய அண்டா ஆகுமா?"

"ஆகாதுன்னு யாரும் எழுதியா வச்சிருக்காக? மேகத்துக்குச் சின்னப் பான தெரியவா போகுது? பைய பைய எறக்குலே, ஜெனிஸ்டா" என்றாள் ஞானசௌந்தரி.

நடுக்கூடத்தில் படிக்கட்டுக்கு நேர் கீழே செங்கல் அடுக்கி எல்லா அடுப்பையும் ஒரே நேரத்தில் மூட்டினார்கள். ஓலை படபடவென்று எரிந்தது. ஆவி கிளம்பி, மேகமாகக் கறுத்து, வழக்கம்போல முதல் மாடிக் கூரையில் முட்டிப் பரந்தது. அங்கேயே நின்றது. ஞானம்பாள் இன்னொரு கட்டு ஓலையை அவிழ்த்தாள். ப்ரியா அண்டாவுக்கு ஓலை தள்ளிக்கொண்டே இருந்தாள். முதலில் அண்டாதான் பொங்கியது. அதைப் பார்த்து மற்றதெல்லாம் பொங்கின. பெண்கள் குலவை போட்டார்கள். குலவைச் சத்தம் படிக்கட்டில் சுழன்று ஏற, மேகத்தின் நடு உச்சி மொட்டுவிட்டு, புடைத்து, கூரையைத் தாண்டி உள்ளே போயிற்று. ஒரு மின்னல். பல்பு ஒரு தடவை மங்கி எரிந்தது. பிறகு, அந்த வீட்டில் அதுவரை கேட்டிராத இடத்திலிருந்து, மழைச் சத்தம் கேட்டது.

ஞானம்பாள் அண்ணாந்து நின்றாள். படி வழியாகத் தண்ணீர் இறங்கி வந்தது, அடுப்புச் சாம்பலைக் கரைத்ததுபோல. அவள் காலருகே வந்தபோது "முழிக்க மாட்டேன்" என்று மெல்ல முனகியது. வாறுகால் ஓட்டையருகே இன்னொரு தடவை முனகிவிட்டு அடங்கிப் போயிற்று. அதன் பின்னாலேயே குற்றாலலிங்கம் இறங்கி வந்தார். தலையில் நனைந்த பேப்பர், வேட்டி தொடையோடு ஒட்டியிருந்தது. திடீரென்று கனத்த காற்றுக்குள் வந்ததில் காது இரண்டும் அடைத்துக்கொள்ள, வாயைத் திறந்து திறந்து மூடினார். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். புகையிலும் வியர்வையிலும் கரி பூசிய முகம். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏட்டி, அடிப்பிடிக்கி பாரு. கிண்டு" என்றார். காது அடைத்திருந்ததால் முடுக்கு முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

ப்ரியா அகப்பையைத் தேடினாள். கண்ணீரில் கண் மறைத்தது, அகப்பை கையிலேயேதான் இருந்தது. ஜெனிஸ்டன் துண்டை எடுத்து நீட்ட, குற்றாலலிங்கம் வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அத்தனை பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பொங்கல் லேசாகத் தீய்ந்த வாசனையோடுதான் இருந்தது, ஞானம்பாள் அதைப்போல ருசியாக அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிடவில்லை. சாயங்காலம் குறுக்குத்துறைக்குப் போய், சூடம் ஏற்றி, வறட்டிகளைத் தாமிரபரணியில் விட்டார்கள். பேத்தியைத் தண்ணீர்ப் பக்கம் போகவிடாமல் தாத்தாதான் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது தை மாதம் சிறுவீட்டுப் பொங்கலன்று இரண்டாம் மாடியிலும் மழை உண்டு. அன்றைக்குப் பேப்பரை எடுத்து மடித்து வைத்துவிடுவார்கள். மாடிகளுக்கு இனிமேலாவது பால் காய்ச்சலாமா என்று ஞானம்பாள் ஒரு தடவை கேட்டாள். இட்லி மாவை எங்கே வைப்பாய் என்று அவர் திருப்பிக் கேட்டதில் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் புதிதாக வந்தது: கோபம் வந்தால் யாராக இருந்தாலும் அடுப்படிக்கு இறங்கி வந்துதான் பேச வேண்டும். போன ஐப்பசியில் மருமகன் காரை வாறுகாலில் இறக்கிவிட்டதற்காகக் குற்றாலலிங்கம் அடுப்படியில் குடையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் திட்டினார். ஜெனிஸ்டனும் ஒரு குடையோடு எதிரே நின்று கேட்டுக்கொண்டான். மழை விட்டதும் ஞானம்பாள் தரையைத் துடைத்துவிட்டுக் காப்பி போட்டாள்.