‘வா’வுக்கு நாலு சுரம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை, பேருந்தில் ஒட்டுக்கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து* ராஜபாளையம் போகும் காலை எட்டு மணி வண்டி. எனக்குப் பின் இருக்கையில் ஒரு பெண் குரலும் ஓர் ஆண் குரலும்.

“நான் ஒத்த எழுத்தா ‘வா’ன்னு எழுதிக் குடுத்தேன். நீங்க அத நாலு சுரத்துக்கு இழுத்து வச்சிருக்கீகளே, எதுக்கு?”

“ஒரே தடவ கூப்பிட்டா வந்துருவாகளா, சிஸ்டர்?”

அந்தப் பெண் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே பஞ்சு மார்க்கெட் வந்துவிட்டது. நடத்துநர் விசில் அடித்தார், இறங்கினேன். திரும்பி ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவள் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

* இந்தக் கதையில் பால்கோவா வராது. ஊர்க்காரர்கள் மன்னிக்கவும்.

2.

பின் இருக்கைப் பெண்ணுக்குக் கேத்ரின் என்று பெயர் வைத்து, தொடக்கம் மூன்று எழுதினேன்.

(அ) “கோபுரத்துக்கு மேலே நிலவு எழுந்தபோது கேத்ரின்—” [அடித்துவிட்டேன். இந்த ஊரை வைத்துக் காதல் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் கோபுரத்தில்தான் ஏறுகிறார்கள்.]

(ஆ) “காதல் என்பது—” [இதற்குக் கோபுரமே தேவலை.]

(இ) “கேத்ரின் துணி அளந்துகொண்டிருந்தாள்.”

மூன்றாவது இருக்கட்டும்.

3.

கேத்ரின் துணி அளந்துகொண்டிருந்தாள். சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. சுருளில் ஒட்டுகிற சீட்டின் பின்பக்கத்தில் கவிதை எழுதுவாள். வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. (ஏன் என்று கேட்காதீர்கள். ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது.) ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுவாள். அங்கே கீபோர்டு வாசிப்பவன் பெனின். நாற்பத்தொரு வயது, ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார். அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆம்பிளை என்பதால் அவனை ஊர் அவ்வளவாகக் கேட்பதில்லை.

கேத்ரின் அவனைக் காதலித்தாள். இதை ஒளித்துவைத்து உங்களை அலைக்கழிக்க எனக்குத் தெம்பில்லை. அவனிடம் சொல்லத்தான் வழியில்லை. குழுவில் எல்லோரும் பிரதர், சிஸ்டர். நாலு வருஷமாகப் ‘பிரதர்’ என்று கூப்பிட்ட வாயால் திடீரென்று வேறு எதைச் சொல்வது? ஆகவே ஒரு கவிதையை எழுதி அவன் கையில் கொடுத்தாள்.

காயத்துக்குக் கட்டும் துணியை
நாளெல்லாம் அளக்கிறேன்.
என் காயத்தின் நீளம் உனக்கு மட்டும் தெரியும்.

பெனின் அதை மூன்று முறை படித்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நிமிர்ந்து, “மூணாவது வரி நீளம், சிஸ்டர். மூச்சு வாங்க எடமில்ல,” என்றான்.

அடுத்த வாரமே மெட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அது கீர்த்தனையும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். கீபோர்டைப் பியானோச் சத்தத்துக்கு மாற்றி வாசித்தான். அதில் பியானோ குரலுக்குப் பின்னால் ஓடிவரவில்லை, எதிரே உட்கார்ந்து பேசியது. குரல் நிற்கிற இடத்தில் ‘பொறவு?’ என்று கேட்டது. [இசை தெரிந்தவர்கள் பொறுத்தருளவும். எனக்கு எட்டியது இவ்வளவுதான்.] கேத்ரின் கேட்டு அழுதுவிட்டாள்.

“யாரோ ரொம்பக் குடுத்துவச்சவரு,” என்றான் பெனின், அந்த ஆள் எங்கேயோ மதுரையில் இருக்கிற மாதிரி.

ஆறு மாதத்தில் ஆறு கவிதை, ஆறு பாட்டு. ஆறு தடவையும் அதே மரமண்டை.

4.

பெனினைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும், பின்னால் தேவைப்படும். பாட்டு முடிந்ததும் கீபோர்டில் மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் இரண்டு கார்டுகளில் ‘ஆ—மென்’ என்று நிறுத்துவது சபை வழக்கம். பெனினுக்கு அதில் கடுமையான கொள்கை உண்டு.

“எல்லாப் பாட்டுக்கும் போடுறதுக்கு ஆமென் என்ன கொசுறா? எதையாவது வேண்டிக் கேக்குற பாட்டுக்குத்தான் ஆமென். கேட்டது நடக்கட்டும்னு நாமளும் கூடச் சேந்து கேக்குறது அது.”

ஒருமுறை போதகரே ஒரு துதிப்பாட்டின் முடிவில் ஆமென் எடுத்தார். பெனின் கையைக் கீபோர்டிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். போதகர் தன்னந்தனியாகப் பாடி முடித்தார்.

5.

இந்த இடத்தில் எனக்குக் கேத்ரின்மேல் சந்தேகம் வந்தது. படித்த பெண், சம்பாதிக்கிற பெண், வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன? கதை பாதியிலேயே முடிந்திருக்கும், எனக்கும் வேலை மிச்சம். பியூலாவை அனுப்பிக் கேட்டேன். பியூலா குழுவில் மேல்குரல், கேத்ரினின் தோழி, விஷயம் தெரிந்தவள். (அவளைப் படைத்ததே இதற்குத்தான். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

“ஏட்டி, இன்னும் எம்புட்டு நாளைக்குச் சீட்டுலயே எழுதிக்கிட்டிருப்ப? அவிய ஜூன்ல கோயம்புத்தூருக்குப் போறாகளாம்ல. பெரிய ஸ்கூலாம். நேராச் சொல்லிரு.”

“வார்த்தையில சொன்னா அதுக்கும் மெட்டுப் போட்டுருவாக.”

“அப்ப என்னதான் செய்யப்போற?”

கேத்ரின் கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். என்ன செய்வாள் என்று எனக்கும் தெரியவில்லை. மே மாதக் கடைசிச் சனிக்கிழமை சபை மண்டபத்தில் ஆறு பாட்டையும் அவள் பாட, அவன் வாசிப்பதாக ஏற்பாடு. அதைத் தவறவிட்டால் அவன் போய்விடுவான்.

6.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. ஐம்பது நாற்காலிக்கு முப்பத்தேழு பேர், அதில் பாதி பாடகர் குழு. பாட்டுத் தாள்களை நகலெடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடை ஐயாதுரை நெற்றி நிறையத் திருநீறோடு முதல் வரிசையில். ஐந்து பாட்டு நன்றாகவே போயிற்று. [ஐந்தையும் வர்ணித்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பியூலா கொட்டாவி விட்டாள், எடுத்துவிட்டேன்.] ஆறாவது இது:

தறி ஓடத் தொடங்கினால்
என் குரல் எனக்கே கேட்காது.
அதற்கு முன் வா.

அந்தக் கடைசி ‘வா’வுக்குத்தான் நாலு சுரம். அதற்கு முந்தின சொல்லைப் பாடும்போது கேத்ரினுக்குப் பேருந்தில் அவன் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரே தடவ கூப்பிட்டா வந்துருவாகளா? அவள் தாளை மடித்தாள். கூட்டத்திலிருந்து முகத்தைத் திருப்பி, கீபோர்டுக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்து, “வா” என்றாள்.

ஒரே சுரம்.

மிச்சம் மூன்று சுரத்துக்காகப் பெனினின் கை காத்திருந்தது. வரவில்லை. நிமிர்ந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது அவளுக்கு, வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் கண்ணை எடுக்கவில்லை. பாட்டு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று ஐயாதுரை பதறிப்போய்த் தன் தாளை அவளிடம் நீட்டினார்.

பெனின் அவளைப் பார்த்தபடியே மெதுவாக இரண்டு கார்டு வாசித்தான். ஆ. மென்.

பாடகர் குழுவுக்கு அது போதாதா? அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நாலு குரலில் ஆமென் பாடிவிட்டார்கள். எல்லோரும் எழுந்ததால் ஐயாதுரையும் எழுந்து, கொஞ்சம் பிந்தி, அழுத்தம்திருத்தமாக “ஆமென்” என்றார்.

7.

மண்டப வாசலில் டீ கொடுத்தார்கள். பெனின் கேத்ரினிடம் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பழக்கம்... கை தானாப் போயிருச்சு.”

பழக்கமாம்! போதகருக்கே மறுத்த ஆமென். யார் காதில் பூச்சுற்றுகிறான்? கேத்ரினுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவன் சிஸ்டர் என்று சொல்ல மறந்துவிட்டதையும் கவனித்தாள்.

இனி முடிவு.

(அ) பெனின் கோயம்புத்தூர் போனான். கேத்ரின் ஏழாவது கவிதை எழுதினாள். [பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். பியூலா என் முகத்திலேயே விழிக்கமாட்டாள்.]

(ஆ) கோயம்புத்தூருக்கு இரண்டு டிக்கெட். [“கல்யாணப் பத்திரிகை நம்ம கடையிலதான் அடிக்கணும்,” என்று ஐயாதுரை இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.]

(இ) கேத்ரின் டீயைக் கீழே வைத்துவிட்டு, “பிரதர்” என்று தொடங்கினாள். நிறுத்தினாள். பிறகு, “பெனின், நான் பாட்டுல கேட்டது—”

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியும், பேனா என் கையில்தான் இருக்கிறது. ஆனால் பெனினின் கொள்கை எனக்கும் பிடித்துப்போய்விட்டது. வேண்டிக் கேட்பது ஒருவர் பாடு, நடக்கட்டும் என்று சொல்வது கூட இருப்பவர்கள் பாடு. அவள் கேட்டுவிட்டாள். அவன் இரண்டு கார்டும் வாசித்துவிட்டான். நான் பேனாவை மூடி, கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுந்து நிற்க வேண்டிய இடம் இதுதான்.