முப்பத்தோராவது எட்டு

"திருப்பிப் படி" என்றாள் வடிவம்மா. உரித்த வெங்காயம் கையிலேயே இருந்தது.

ஜெயரூபினி நோட்டீசை மறுபடி விரித்தாள். கூட்டத்துக்குச் சமைக்க முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவள். அந்தக் குசினியில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை, சபை நடத்துகிற அந்த ஜெபத்தோட்டத்துக்கு நாற்பத்தைந்து வயது. இருநூறு பேர் தங்கும் மண்டபம், இருபத்துநாலு கக்கூசு, ஜெனரேற்றர், வற்றாத கிணறு என்று வசதிகளெல்லாம் நோட்டீசில் வரிசையாக இருந்தன. வரலாற்றின் கடைசியில்தான் அந்த வரி.

"ஆராதனை மணி, யுத்த காலத்தில் காவலில் இருந்தவர்களால் களவாடப்பட்டது. அப்பிடித்தான் அக்கா போட்டிருக்கு."

இருந்தவர்களாம்! தோட்டத்துக் காவலில் இருந்தது ஒரே ஒருவன், வடிவம்மாவின் புருஷன் சங்கிலி. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்தவன். இந்தக் காட்டை வெட்டியவன் அவன், அந்த வற்றாத கிணற்றைத் தோண்டியவனும் அவன். அதற்கெல்லாம் நோட்டீசில் ஒரு எழுத்துக்கூட இல்லை, களவுக்கு மட்டும் இடம் இருந்தது. 

மணியைச் சங்கிலி விற்றுத் தின்றுவிட்டான் என்பது பழைய கதை. இத்தனை வருசம் தோட்டத்துக்குக் காவலிருந்தும் அவன் வேதத்துக்கு மாறவில்லை, மாரியம்மனைத்தான் கும்பிட்டான். அம்மன் கோயிலுக்குப் புது மணி வந்தபோது விசுவாசிகள் நாலு பேர் போய், நம்முடைய மணிதானோ என்று அதைக் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தார்கள். அதைவிட அவன் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

நடந்தது வேறு. இடம்பெயர்ந்தபோது ஊரே தையல்மெசினையும் சைக்கிளையும் மண்ணில் புதைத்துவிட்டுத்தானே ஓடியது. அப்படித்தான் சங்கிலியும் மணியைப் பங்கர்க் குழிக்குள் இறக்கி மண் போட்டு மூடினான். கிணற்றடியிலிருந்து சூரியன் உதிக்கும் பக்கமாக முப்பத்தோரு எட்டு. அடையாளத்துக்குப் பாலைமரம் ஒன்றும் நின்றது. மூன்று மாதம் கழித்து முள்ளிவாய்க்காலில் அவனுடைய வலது கால் போனது. திரும்பி வந்தபோது மரமும் இல்லை. கண்ணிவெடி எடுக்க வந்தவர்களின் மெசினுக்குக்கூட அந்த ஆழம் எட்டவில்லை. அன்றிலிருந்து அவன் எண்ணி எண்ணி நடந்து, அலவாங்கு போட்டுத் தோண்டிக்கொண்டே இருக்கிறான்.

அன்று பின்னேரமும் போனான். நோட்டீஸ் சங்கதி அவன் காதுக்கும் எட்டியிருந்தது. மணியைக் காட்டினால் அந்த வரியை எடுப்பேன் என்று போதகர் பரமேஸ்வரன் சொல்லிவிட்டாராம். வடிவம்மா கிணற்றுக்கட்டில் வாளியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழைக்கு நனைந்த மணலில் அவன் தடம் தெளிவாகப் பதிந்தது. நல்ல கால் எட்டி வைத்தது. பொய்க்கால் அதைத் தாண்டாமல் அதன் பக்கத்தில் வந்து நின்றது. முன்னே போனது ஒரு எட்டுத்தான். அவன் இரண்டையும் எண்ணினான்.

 அட பாவி மனுசா, பதினாலு வருசமா பாதித் தூரத்திலயே தோண்டியிருக்கியே!

அவன் போனபிறகு, நல்ல காலின் எட்டு அளவுக்கு ஒரு விறகுக் கம்பை முறித்து மணலில் வைத்து வைத்துப் போனாள். அவன் தோண்டிய குழிகளைத் தாண்டினாள். மண்டபத்துச் சுவர் வந்தது. பக்கக் கதவால் உள்ளே நுழைந்தாள். முப்பத்தொன்று மேடையில் முடிந்தது, வெள்ளை ரைல்ஸ் பதித்த மேடையில், பிரசங்கம் சொல்ல நிற்கிற இடத்தில். சண்டைக்குப் பிறகு மண்டபம் கட்டி, அந்த மேடைக்குக் கொங்கிறீற்று போட்டபோது ஏழு நாள் தண்ணீர் சுமந்து ஊற்றியதும் சங்கிலிதான்.

அவள் போய்ச் சொன்னதைப் போதகர் பொறுமையாகத்தான் கேட்டார். நல்ல மனுசன், குரல் உயர்த்தமாட்டார். கம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கனடாவில இருக்கிற சபை போட்டுத்தந்த ரைல்ஸ் அம்மா. ஒரு விறகுக்கம்பை நம்பி நான் உடைக்கேலுமே?"

"அப்ப அந்த வரிய மட்டுமாச்சும் எடுங்க பாஸ்டர். அவரு திருடலங்க."

"நோட்டீஸ் அடிச்சு முடிஞ்சுது. கூட்டம் முடியட்டும், கமிற்றியில கதைப்பம்."

ஞாயிறன்று மண்டபம் நிறைந்திருந்தது. சோறு வடித்த கையோடு வடிவம்மா பின்வாசலில் வந்து நின்றாள். சங்கிலி வெளுத்த சட்டை போட்டு, அவளுக்குப் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி வரிசையில் இரண்டு கதிரைகள் காலியாகத்தான் இருந்தன, யாரும் அவனை இருக்கச் சொல்லவில்லை. மேடையில் போதகர் வரலாற்றை வாசித்தார். அந்த வரி வந்தது. அதையும் விடாமல் வாசித்தார். முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் பின்னால் திரும்பின.

கம்பு வைத்துப் பார்த்த கதையை அவள் இன்னும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வது, உன் கால்தான் உன்னை ஏமாற்றியது என்று? ஆனால் அந்தத் தலைகள் திரும்பியதும் அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

சங்கிலி தன் வலது காலைக் குனிந்து பார்த்தான்.

"எந்த எடம்?" என்றான்.

"அவரு நிக்கிற எடந்தான்."

சபை எழுந்து பாடத் தொடங்கியது. போதகர் வெள்ளை ரைல்சில் சப்பாத்துக் காலால் தாளம் தட்டினார். சங்கிலி கழுத்தை நீட்டி, ஆட்களுக்கு இடையால் அந்தச் சப்பாத்தையே பார்த்தான். அவன் உதடு அசைந்தது. பாடுகிறானோ என்று நினைத்தாள். எண்ணிக்கொண்டிருந்தான்.