வெட்டுப்பட்ட வெள்ளிக் காசு

தையல்காரம்மா கொண்டுவந்த பதினோரு வெள்ளிக் காசுகளில் பத்தைப் பார்த்து விலை சொல்ல எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதினோராவதை மட்டும் நாற்பது நிமிடமாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் முதுகு வியர்த்தது.

"என்ன சார், டாக்டர் எக்ஸ்ரே பாக்குற மாதிரி பேசாமயே பாக்குறீங்க?" என்றார். அவர் கண் மேஜைமேல் கிடந்த உளியைவிட்டு நகரவில்லை. சுவரில் நான் மாட்டியிருந்த அறிவிப்பைப் படித்திருக்கிறார். போலிக் காசு என்று முடிவானால் விளிம்பில் ஒரு வெட்டுப் போட்டுத்தான் திருப்பித் தருவேன். மறுபடி அது வேறொருவர் தலையில் கட்டப்படக் கூடாது என்பதற்காக எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். நல்ல வழக்கம்தான், வெட்டுகிறவன் சரியாகப் பார்க்கிறவரைக்கும்.

"பொய்க் காசா இருந்தா வெட்டிடுவீங்களாமே?"

"இருந்தாத்தாம்மா. உக்காருங்க."

அவர் உட்கார்ந்துதான் இருந்தார். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

காசில் ஒரு பக்கம் தலையும் ஆண்டும், மறுபக்கம் பாய்மரக் கப்பல். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி அச்சு. அடித்து அடித்து இரும்பு அச்சு விரிசல் விட்டால், அந்த விரிசலுக்குள் வெள்ளி புகுந்து காசின்மேல் மேடாக ஒரு கோடு எழும்பும். கீறல் என்றால் பள்ளம், விரிசல் என்றால் மேடு. நகத்தால் தடவினாலே தெரியும். இந்தக் கப்பலின் அச்சில் விரிசல் விளிம்பில் தொடங்கி மேலே ஏறும். அறுபத்தொன்று என்று ஆண்டு போட்ட சில காசுகளில் அது பாய்மரத்தின் உச்சியைத் தொட்டிருக்கும். அவற்றுக்குச் சேகரிப்பவர்களிடம் ஏக கிராக்கி.

நான்கு வருடத்துக்கு முன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, இதே கப்பல் காசு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தான். என் மாமனாருடையது. நாற்பது வருடம் கடிகாரம் பழுது பார்த்தவர் அவர். வேலையை விட்ட அன்று முதலாளி தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தாராம். ஆண்டு அறுபத்திரண்டு. எடை சரி, ஓசை சரி, விளிம்பும் சரி. ஆனால் விரிசல் கப்பலின் அடித்தளத்தோடு நின்றிருந்தது. முந்தைய ஆண்டிலேயே உச்சிக்குப் போன விரிசல் அடுத்த ஆண்டில் இறங்கி வருமா? விரிசல் வளரும், குறையாது. போலி என்று எழுதினேன். முதலாளி போலியைக் கொடுத்திருக்க மாட்டார், ஆகவே மாமனார் சொன்னதும் பொய் என்றாயிற்று. நாணயம் சேகரிப்போர் சங்கத்தின் மலரில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் கட்டுரை வேறு. நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு அச்சிட்ட ஆதாரம் அது.

மச்சான் கெஞ்சினான். "இன்னொரு தரம் பாருங்க அத்தான், அப்பா பொய் சொல்ற ஆள் இல்ல." நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உளியை வைத்து ஒரே தட்டு. அன்று படியிறங்கியவன் அதன்பின் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் மாமனாரும் போய்விட்டார்.

இப்போது என் கையில் இருப்பதும் அறுபத்திரண்டு. விரிசல் கடலலையோடு நின்றுவிட்டது. கப்பலைத் தொடவே இல்லை.

போலி செய்கிறவன் ஒரு காசை அச்செடுத்து வார்ப்பான். வார்த்ததில் விரிசல் வளராது. எத்தனை வார்த்தாலும் ஒரே நீளம்தான். இதில் அலைவரை, மச்சானுடையதில் அடித்தளம்வரை என்றால், அறுபத்திரண்டில் ஓர் அச்சு உயிரோடு இருந்திருக்கிறது, அடிக்க அடிக்க விரிந்துகொண்டே போயிருக்கிறது. பிறகு அறுபத்திரண்டு என்று ஆண்டு போட்ட தலைப்பக்க அச்சு உடைந்திருக்கும். மூலையில் கிடந்த பழைய அறுபத்தொன்றாம் ஆண்டுத் தலை அச்சை எடுத்து மாட்டி, அதே கப்பல் அச்சோடு மேலே அடித்திருக்கிறார்கள். விரிசல் உச்சியைத் தொட்ட அந்தக் காசுகளில் ஆண்டு முந்தையது, காசு பிந்தையது. நான் ஆண்டை நம்பினேன், விரிசலை நம்பவில்லை. விரிசலைப் படிப்பதுதான் என் பிழைப்பே.

வெட்கத்தைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் கை உளியை எடுத்தது. இதையும் போலி என்றால் கேட்பார் இல்லை. கட்டுரை நிற்கும், என் பெயர் நிற்கும். தையல்காரம்மா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"சார், வெட்டுறதா இருந்தா சொல்லிட்டு வெட்டுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

உளியை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

"நல்ல காசும்மா. மத்த பத்தையும் சேர்த்தாக்கூட இதோட விலைக்கு வராது. யார்கிட்டயும் அவசரப்பட்டுக் குடுத்துடாதீங்க."

"அப்ப ஏன் சார் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காசுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

மச்சானுக்குப் போன் செய்தேன். மணி ஐந்து முறை அடித்தபிறகு எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"நான்தான். அந்தக் காசு நல்ல காசுடா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினான். "திருப்பிச் சொல்லுங்க அத்தான்."

திருப்பிச் சொன்னேன். ஏசுவான், என் பரம்பரையையே இழுப்பான் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். ஏசியிருந்தால் தேவலை.

"அப்ப அப்பா பொய் சொல்லலையா?"

"இல்லடா."

"ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டோம் அத்தான். இனிமேயாவது உண்மையைச் சொல்லுப்பா, இது எங்க கெடைச்சுதுன்னு. முதலாளி குடுத்தாருன்னுதான் கடைசி வரைக்கும் சொன்னாரு. அக்காதான் சொன்னா, என் வீட்டுக்காரர் காசு விஷயத்துல தப்பே பண்ண மாட்டாருப்பா, ஒத்துக்கோன்னு. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவரு அப்பறம் எங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசல."

என் மனைவி இதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"என்னால முடியாது. நீங்களே சொல்லுங்க." வைத்துவிட்டான்.

வீடு பத்து நிமிட நடை. மாடிப்படியில் இரண்டு முறை நின்றேன். எந்த வார்த்தையில் தொடங்கினாலும் அது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போய் முடிந்தது. மணியை அடித்தேன். கதவைத் திறந்தவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.