பதினேழாவது தடவை

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயந்து நடுங்குகிறவர்களைக்கூட "இன்னும் கொஞ்சம், போங்க" என்று தட்டிக்கொடுத்தே ரோட்டில் விட்டுவிடுவார். மனைவிக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று தெரிந்தபோதும் அதே வழியில்தான் யோசித்தார். நரம்பின் மேலுறை கெட்டுப்போவதால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது என்றார் டாக்டர். விடாமல் பழக்கினால் கேட்கும் என்று இவர் தனக்குள் முடிவுகட்டிக்கொண்டார்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், பத்து தடவை. நடுவில் ஓய்வு. அறை குளுமையாக இருக்க வேண்டும். உடம்பு சூடேறினால் கால் துவளும், கண் மங்கும். களைத்துப்போகும் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

பத்து நல்லதென்றால் முப்பது இன்னும் நல்லதுதானே என்று அவருக்குப் பட்டது.

அன்று மத்தியானம் கரண்ட் இல்லை. சாப்பிட வந்தவருக்கு, திரும்பிப் போவதற்குள் பயிற்சியை முடித்துவிடும் அவசரம். பன்னிரண்டாவது தடவையில் அவள், கால் ஈரத்துணி மாதிரி தொங்குது, போதும் என்றாள். காலையில் அவள் தங்கையோடு போனில் அரை மணி நேரம் சிரித்துப் பேசியது அவர் நினைவுக்கு வந்தது.

"சும்மா நடிக்காதே. எழுந்திரு."

அவள் எழுந்தாள். பதினேழாவது தடவை முழங்கால் மடங்கி, மேசை விளிம்பில் நெற்றி மோதி விழுந்தாள். கிடந்தபடியே, உங்க முகம் சரியாத் தெரியலை என்றாள்.

நெற்றியில் மூன்று தையல். பார்வை சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டது. மறுநாள் பிசியோதெரபிஸ்ட் விசாரித்தபோது அவள் முந்திக்கொண்டாள். நான்தான் ஆசைப்பட்டுக் கூடுதலாச் செஞ்சேன் என்றாள். கணவர் தன் கையிலிருந்த கார் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பிசியோதெரபிஸ்டிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னார். அந்த அம்மா திட்டவில்லை. சூட்டினால் வந்த மங்கல் தற்காலிகம்தான், அதனால் நோய் முற்றாது என்று விளக்கினார். பிறகு, "இதை எங்கிட்ட சொல்லி என்ன சார்? வீட்ல சொல்லுங்க" என்றார்.

வீட்டில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தப்பு என்மேலதான் என்று அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

"விழுந்ததுகூட மறந்துடும். நடிக்கிறேன்னு நீங்க நம்பினீங்களே, அதை என்ன பண்றது?"



மறுநாளிலிருந்து பயிற்சிக்கு அவள் தங்கை வந்தாள். கழுத்தில் ஈரத்துண்டோடு மனைவி சில நாள் ஆறில் நிறுத்திக்கொண்டாள், சில நாள் பத்தையும் முடித்தாள். அவர் அடுத்த அறையில் உட்கார்ந்து, நாற்காலி கிறீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள், சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடந்துவிட்டாள். வந்து பாருங்க அத்தான் என்று தங்கை கூப்பிட்டாள்.

"நான் வரலாமான்னு உங்க அக்காவைக் கேளும்மா" என்றார் அவர், எழுந்திருக்காமலே.



"வரட்டும்" என்றாள் அவள். "வாயைத் திறக்காம வரட்டும்."